ஆபீஸ் சைக்கிளுக்கு எந்தக் கேரியர், எந்தப் பை?

கேட்டவர் சென்னையில் மேடவாக்கத்திலிருந்து தரமணிக்குத் தினமும் சைக்கிளில் போய்வருகிறார். ஒரு வழிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர். கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள், டிஸ்க் பிரேக். லேப்டாப், சாப்பாடு, மாற்றுச் சட்டை எல்லாம் முதுகுப் பையில் போகின்றன. ஆபீஸ் போய் இறங்கும்போது சட்டையின் பின்பக்கத்தைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும் என்கிறார். கேரியர் போடலாமா, என்ன பை வாங்கலாம் என்பது கேள்வி. கூடவே ஒரு கவலையும் இருக்கிறது: "கேரியர் மாட்டினால் பால்காரர் சைக்கிள் மாதிரி ஆகிவிடாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகும். ஆனால் அது குறை இல்லை. நான் பள்ளியில் படித்தபோது பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிள் வாங்கிய கையோடு கேரியரையும் மட்கார்டையும் கழற்றிப் பரணில் போட்டால்தான் கெத்து. நானும் கழற்றினேன். புத்தகப் பை ஹாண்டில்பாருக்கு வந்தது. ஒரு வாரம் சும்மா ஆடிக்கொண்டிருந்த பை, ஒரு திருப்பத்தில் முன்சக்கரத்து ஸ்போக்ஸுக்குள் மூக்கை நீட்டியது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஹாண்டில்பாரில் மஞ்சப்பையோ கட்டைப்பையோ தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றும்.

இப்போது அந்தப் பால்காரர் சைக்கிளை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேன். கேனின் அடி சக்கரத்தின் அச்சு மட்டத்துக்கு வந்து நிற்கும். கேரியருக்கு மேலே லிட்டர் அளவு குவளையோ துணிப்பையோ, அவ்வளவுதான். கனமானதெல்லாம் கீழே, லேசானதெல்லாம் மேலே, எடை இரண்டு பக்கமும் சமம். தண்ணீர்ப் பஞ்சத்தில் பிளாஸ்டிக் குடங்களைக் கொக்கி போட்டுக் கேரியரின் இருபுறமும் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனவர்களும் இதைத்தான் செய்தார்கள். அந்த சைக்கிள்களில் பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ், முன்சக்கரத்துக்கு 32. பாரம் பின்னால்தான் ஏறும் என்று தெரிந்து செய்த கணக்கு அது. கடையில் 'பேனியர்' என்று விற்கும் பையும் இதே விஷயம்தான். அந்தச் சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் ரொட்டிக் கூடை என்று பொருள். கழுதை முதுகில் இரண்டு பக்கமும் தொங்கவிடுவது. நம் ஊரில் அதற்குப் பொதி என்று பெயர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் அழகான பையைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதை மாட்டக் கேரியர் தேடுகிறார்கள். கடைசியில் அந்தக் கேரியர் தங்கள் சைக்கிளில் ஏறாது என்று தெரிந்துகொள்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் சுமையின் எடை, அடுத்து சைக்கிளின் ஃபிரேம், அதற்கப்புறம் கேரியர், கடைசியில் பை.

எடை போடப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வீட்டில் ஆள் ஏறும் எடை மெஷின் இருந்தால் பையோடு ஒரு தடவை ஏறுங்கள், பை இல்லாமல் ஒரு தடவை ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். என் கணக்கு இது: லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்து இரண்டே கால் கிலோ, சாப்பாடு ஒன்று, தண்ணீர் ஒன்று, துணி முக்கால், பூட்டு ஒன்று, பம்ப்பும் பஞ்சர் சாமானும் அரை, மழைக்கோட்டு அரைக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் ஏழு கிலோ. திரும்பி வரும்போது வெங்காயம், தக்காளி, ஒரு பப்பாளி என்று வாங்கினால் பதினொன்று. பையின் எடையும் சேர்த்தால் பன்னிரண்டைத் தொடும். உங்களுக்கும் ஏறத்தாழ இதுதான் வரும் என்று நினைக்கிறேன். இந்த எண் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது ஃபிரேம். பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலே, ஃபிரேமின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு இறங்கும் மெல்லிய குழாய்களின் மேல்பகுதியில் இன்னும் இரண்டு இருக்க வேண்டும். உள்ளே மரை ஓடியிருக்கும் துளைகள். அவைதான் கேரியர் உட்காரும் இடம். பல சைக்கிள்களில் அதில் பிளாஸ்டிக் மூடி செருகியிருப்பார்கள் அல்லது பெயின்ட் அடைத்திருக்கும். அதனால் துளையே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தண்ணீர் பாட்டில் கூண்டை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றி இந்தத் துளையில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, 5 மில்லிமீட்டர். கையால் திருகினாலே இறங்கினால் உங்கள் பிரச்சினையில் பாதி முடிந்தது.

துளை இல்லாத ஃபிரேமுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்பக்கம் ரப்பர் வைத்த கிளாம்ப்பைக் குழாயைச் சுற்றிப் போட்டு அதில் கேரியரின் காலைப் பிடிப்பது. மேலே, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை இறுக்கும் வளையத்தை மாற்றி, பக்கத்தில் துளை வைத்த வளையம் போடுவது. அலுமினியம், இரும்பு ஃபிரேம்களில் உங்கள் ஏழு கிலோவுக்கு இது போதும். கார்பன் குழாயில் மட்டும் வேண்டாம். இன்னொன்று, சீட் போஸ்ட்டில் மட்டும் பிடித்துப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர். மாட்ட இரண்டு நிமிடம், பார்க்க நேர்த்தி. நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. தாங்குவது ஒன்பது, பத்து கிலோ என்று போட்டிருப்பார்கள். ஆனால் அத்தனை எடையும் ஒரே ஒரு பிடியில் தொங்குகிறது. நாலு ஸ்பீடு பிரேக்கர் தாண்டினால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். பக்கத்தில் பை தொங்கவிட்டால் அது சக்கரத்தில் உரசாமல் தடுக்கக் கம்பியும் இருக்காது. மழைக்கோட்டும் டிபன் பாக்ஸும் வைக்கச் சரி, லேப்டாப்புக்குச் சரியில்லை.

உங்களுடையது டிஸ்க் பிரேக் என்பதால் ஒரு சிக்கல் வரலாம். பின் பிரேக்கின் கேலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி, ஃபிரேமின் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் எந்தக் கேரியரும் ஏறும். குழாயின் மேலே ஏறி வெளியே புடைத்திருந்தால் கேரியரின் இடது கால் அதில் இடிக்கும். டிஸ்க் பிரேக்குக்கு என்றே காலைச் சற்று வெளியே வளைத்துச் செய்த கேரியர் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். சில கடைகளில் சாதாரணக் கேரியரையே கொடுத்து, நடுவில் நாலு வாஷரை அடுக்கி நீள போல்ட் போட்டு அனுப்பிவிடுவார்கள். போல்ட் எவ்வளவு நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் வளையும், பிறகு முறியும். முறிந்த போல்ட்டின் மிச்சம் துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அதை எடுப்பது தனிச் சோகம்.

இனி கேரியர். அதன் உடம்பில் எங்காவது எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும், பெரும்பாலும் 10, 18 அல்லது 25. உங்களுக்கு 25 போட்டதையே வாங்குங்கள். பன்னிரண்டு கிலோவுக்கு அது அதிகம்தான். ஆனால் அந்த எண் தார்ச்சாலைக்குப் போட்ட கணக்கு, பள்ளிக்கரணைப் பக்கம் தோண்டி மூடிய பள்ளங்களுக்குப் போட்டதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 25 என்பது சாமானுக்கு, ஆளுக்கு அல்ல. பழைய இரும்புக் கேரியரில் டபுள்ஸ் போன பழக்கத்தில் இதில் குழந்தையை உட்கார வைத்துவிடாதீர்கள். கேரியர் தாங்கினாலும் குழந்தையின் கால் ஸ்போக்ஸுக்குள் போகும்.

அலுமினியமா, இரும்பா? தினசரி ஆபீஸுக்கு அலுமினியம் போதும். கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை வளைத்து வெல்டு வைத்துச் செய்தது நல்லது. இரும்புக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எங்காவது விரிசல் விட்டால் தெருமுனை கேட் செய்யும் பட்டறையிலேயே ஒட்டவைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தை எல்லா வெல்டரும் தொடமாட்டார்கள். ஆனால் கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பையின் கொக்கி உரசிப் பெயின்ட் போகிற இடத்தில் துரு முதலில் பூக்கும். நான் கொக்கி படும் இடத்தில் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிவைத்திருக்கிறேன், சத்தமும் வராது.

உலோகத்தைவிட முக்கியமானது வடிவம். விலை குறைந்த கேரியர்கள் பலவற்றில் பக்கத்துக்கு ஒரே ஒரு கால்தான் இருக்கும். மேலே கட்டிவைக்கிற சாமானுக்கு அது சரி. பக்கத்தில் பை தொங்கவிட்டால் பையின் பின்மூலை உள்ளே சாய்ந்து ஸ்போக்ஸைத் தொடும். காலுக்குப் பின்னால் இன்னொரு கம்பி சாய்வாக இறங்கி முக்கோணம் போல் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எல்லா அளவு சைக்கிளுக்கும் பொருந்தும் என்று சொல்லி நீட்டிச் சுருக்கும் கால்களோடு ஒரு வகை வருகிறது. அதில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் பின்னால் கழன்று ஆடப்போகிற இடம். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

மாட்டும்போது கேரியரின் மேல்தட்டு தரைக்கு மட்டமாக இருக்கட்டும். போல்ட்டை ஸ்பிரிங் வாஷரோடு போடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீல நிற த்ரெட் லாக்கர் (போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு விட்டால் இன்னும் நல்லது. வலது பக்கம் போல்ட்டின் நுனி உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நீட்டியிருந்தால், செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு வரும்போது அதில் உரசும். 'கியர் சத்தம் போடுகிறது' என்று மெக்கானிக்கிடம் போகிறவர்களில் சிலருக்கு நோய் கியரில் இல்லை, இந்த நுனியில்தான். மட்கார்டின் கம்பியும் அதே துளையில்தான் வர வேண்டும் என்றால் ஃபிரேமை ஒட்டிக் கேரியர், அதற்கு வெளியே மட்கார்டு. கனமானது ஃபிரேமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மட்கார்டு இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். கேரியரின் இடைவெளி வழியே சேறு நேராகப் பைக்கும் முதுகுக்கும் வரும்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள். இதைச் சோம்பலில் விட்டதன் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். மாட்டிய இரண்டாவது வாரம், சதுப்பு நிலம் ஓரமாக வந்துகொண்டிருந்தபோது பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் இடதுபக்கக் கீழ் போல்ட்டைக் காணோம். கேரியர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தது. அங்கே கடையும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பத்து நிமிடம் ரோட்டைத் தேடிவிட்டு உட்கார்ந்தபோதுதான் கண்ணெதிரே பாட்டில் கூண்டு தெரிந்தது. அதில் ஒரு போல்ட்டைக் கழற்றி இங்கே போட்டேன், கூண்டு மிச்சமுள்ள ஒரு போல்ட்டில் வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 4 மில்லிமீட்டர் ஆலன் கீயும் இரண்டு உபரி போல்ட்டும் பஞ்சர் டப்பாவில் நிரந்தரக் குடித்தனம்.

இனி பை. இங்கேதான் பணத்தைக் கொட்டவும் முடியும், மிச்சப்படுத்தவும் முடியும். பேனியர் பையில் நான் பார்ப்பது மூன்று. முதுகுப்பக்கம் விறைப்பான பலகை இருக்க வேண்டும். மேல் கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். கீழே கேரியரின் காலில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கொக்கி வேண்டும். கடையில் பையை இரண்டு கொக்கியிலும் பிடித்துத் தூக்கி, கீழ் மூலையை விரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள். அட்டை மாதிரி மடங்கினால் திரும்ப வைத்துவிடுங்கள், அது நாளைக்கு ஸ்போக்ஸுக்குள் மடங்கும். வெறும் கொக்கி மட்டும் உள்ள பை ஸ்பீடு பிரேக்கரில் எகிறிக் குதிக்கும். எனக்கு முன்னால் போனவரின் பை அப்படிக் குதித்து நடுரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் நல்ல மனிதர், நின்றுவிட்டார்.

ஜெர்மனியின் ஆர்ட்லீப் பைகளை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழுக்குத் தகுதியானவைதான். 1982இல் தொடங்கிய கம்பெனி. பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி, தையல் போடாமல் சூட்டில் ஒட்டிய விளிம்புகள், வாயைச் சுருட்டி மூடும் முறை. கைப்பிடியைத் தூக்கினால் கொக்கி தானாகத் திறந்துகொள்ளும், அந்த சுகமே தனி. ஆனால் இறக்குமதி விலை உங்கள் சைக்கிள் விலையில் கணிசமான பங்கு ஆகிவிடும். அதே சுருட்டி மூடும் முறையில் டெகாத்லானிலும் மற்ற கடைகளிலும் விலை குறைந்தவை கிடைக்கின்றன. தினசரிக்கு அவை தாராளம். வாங்குமுன் கொக்கியின் உள்விட்டத்தை மட்டும் பாருங்கள். பெரும்பாலான கொக்கிகள் 8 முதல் 16 மில்லிமீட்டர் வரை கனமுள்ள கம்பிக்குத்தான். நம்மூர்ப் பழைய தடிமனான கேரியரில் அவை உட்காராது.

இரண்டு பை வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஜோடியாகத்தான் விற்கிறார்கள் என்றால் ஒன்றை வீட்டில் வைத்துவிடுங்கள், காய்கறி நாளில் எடுத்துக்கொள்ளலாம். ஏழு கிலோ ஒரே பக்கம் தொங்கினால் சைக்கிள் சாயாதா என்று தோன்றும். ஓட்டும்போது இரண்டாம் நாளே மறந்துவிடும். தள்ளிக்கொண்டு நடக்கும்போதும் நிறுத்தும்போதும்தான் தெரியும். நான் இடது பக்கமே மாட்டுகிறேன், வலது பக்கம் வண்டிகள் உரசிப்போகும் பக்கம் என்பதால். செயின் மையும் அந்தப் பக்கம்தான். சந்துகளில் மாட்டிக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம். ஹைபிரிட்டின் ஹாண்டில்பார் அகலம் 60 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அது நுழைகிற இடத்தில் பையும் நுழைந்துவிடும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு அட்டைப் பரிசோதனை செய்யுங்கள். வாங்க நினைக்கும் பையின் அளவுக்கு, தோராயமாக 30க்கு 38 சென்டிமீட்டர், ஒரு கார்ட்போர்டு வெட்டிக் கேரியரின் பக்கத்தில் கட்டுங்கள். ஆபீஸுக்குப் போடும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டு உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். குதிகால் அட்டையில் தட்டுகிறதா? நம் ஹைபிரிட்களில் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 43 முதல் 45 சென்டிமீட்டர்தான். பத்தாம் நம்பர் ஷூ போடுகிறவருக்குப் பெரிய பை கட்டாயம் தட்டும். ஒரு நாளைக்கு ஐயாயிரம் தடவை குதிகாலால் பையை உதைத்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். கொக்கிகளைக் கேரியரில் பின்னுக்குத் தள்ளிவைக்க முடிகிற பை, அல்லது முன் கீழ் மூலை சாய்வாக வெட்டிய பை இதற்குத் தீர்வு.

லேப்டாப்பைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இப்போதைய லேப்டாப்பில் சுற்றும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் இல்லை, அதனால் ரோட்டின் அதிர்வு அவ்வளவு பெரிய எதிரி அல்ல. பையைத் தரையில் 'தொப்' என்று வைப்பதுதான் எதிரி. பையின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஃபோம் போடுங்கள், யோகா பாயின் வெட்டுத்துண்டு போதும். லேப்டாப்பை உறையில் போட்டுப் பலகைப் பக்கம் நிற்கவையுங்கள். சார்ஜரை அதன் திரைப் பக்கம் சாய்க்காதீர்கள். குலுங்கக் குலுங்கக் குத்திக்கொண்டே வரும். சாப்பாடு அதே பைக்குள் வேண்டவே வேண்டாம். டிபன் கேரியரை சைக்கிள் கேரியரின் மேல் தனியாக நிற்கவைத்துக் கட்டுங்கள். கேரியர் மேல் கேரியர். சாம்பாருக்கும் கீபோர்டுக்கும் எத்தனை தூரம் இருக்கிறதோ அத்தனைக்கு நிம்மதி.

மழையைப் பற்றி ஒன்று. சாதாரணப் பைக்கு மேலே மாட்டும் மஞ்சள் நிற உறையை நம்பி ஐப்பசி, கார்த்திகையைத் தாண்ட முடியாது. அது முன்னாலும் மேலேயும் மூடும். சக்கரத்தைப் பார்க்கும் பின்பக்கம் திறந்தே கிடக்கும். தண்ணீர் வருவது அங்கிருந்துதான். சுருட்டி மூடும் பையில் வாயை மூன்று சுற்றாவது சுருட்டினால் மழைக்குக் கவலை இல்லை. ஆனால் மழையும் தேங்கிய தண்ணீரும் ஒன்றல்ல. பையின் அடிப்பகுதி ஏறத்தாழ அச்சு மட்டத்தில், தரையிலிருந்து ஓரடிக்குக் கொஞ்சம் மேலே தொங்குகிறது. வேளச்சேரிப் பக்கம் தேங்கும்போது தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் பையும் குளிக்கிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் லேப்டாப்பைத் தடிமனான பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டே வைக்கிறேன். சுருட்டிப் பைக்கு இன்னொரு குறை, உள்ளே அறைகள் இருக்காது, ஒரே குகை. துணிக்கு ஒரு மஞ்சப்பை, சில்லறைச் சாமானுக்கு ஒரு மஞ்சப்பை என்று பிரித்துப் போட்டுக்கொண்டால் தேட வேண்டியதில்லை.

கட்டுவதற்கு என்ன? கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எல்லாக் கடையிலும் கிடைக்கும். எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராக முகத்துக்கு வரும், கழன்று தொங்கினால் சக்கரத்துக்குள் போகும். சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் பழைய டியூபை வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கேரியர் கம்பியில் சுருக்குப் போட்டு நிரந்தரமாக விடுங்கள். சாமானுக்கு மேலே இழுத்து, மறுபக்கக் கம்பியைச் சுற்றி, நுனியை அதே ரப்பருக்கு அடியில் செருகினால் தன் இறுக்கத்திலேயே நிற்கும், முடிச்சே வேண்டாம். அரிசி மூட்டையிலிருந்து கோழிக் கூண்டு வரை ஊர் முழுக்க இதில்தான் போயிருக்கிறது.

மேல்தட்டில் பிளாஸ்டிக் காய்கறி கிரேட் ஒன்றைக் கேபிள் டை போட்டுக் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அழகில்லை, ஆனால் இதைவிட வசதியானது இல்லை. எதையும் தூக்கிப் போடலாம். கறுப்பு நிறக் கேபிள் டை வாங்குங்கள், வெள்ளை நிறத்தது வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். கிரேட்டுக்குள் கனத்தைக் குவித்தால் சைக்கிள் தலைகனத்து ஆடும், அதை மட்டும் மறக்காதீர்கள். முன் கூடை என்றால் இரண்டு, மூன்று கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஹாண்டில்பாரில் தொங்கும் எடை ஒவ்வொரு திருப்பத்திலும் கையோடு சண்டை போடும். முன் அச்சுவரை கால் இறங்கும் கூடை பரவாயில்லை.

நிறுத்துவதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஒற்றைக் கால் சைடு ஸ்டாண்டில் பாரத்தோடு நிறுத்தினால் முன்சக்கரம் மெல்லத் திரும்பும், சைக்கிள் உருளும், விழும். டியூப் துண்டு ஒன்றை வளையமாக வெட்டி ஹாண்டில்பாரின் கைப்பிடியிலேயே போட்டுவையுங்கள். நிறுத்தும்போது அதை முன் பிரேக்கின் லீவரோடு சேர்த்து மாட்டினால் ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி. பின்னால் ஒளிரும் விளக்கு சீட்டுக்குக் கீழே இருந்தால் பை மறைத்துவிடும், கேரியரின் வால்பகுதிக்கு மாற்றுங்கள். பின் டயரில் காற்றை வழக்கத்தைவிட ஐந்து, பத்து பி.எஸ்.ஐ. கூட வையுங்கள், டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல்.

முதுகுப் பையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று, நாலு கிலோமீட்டர் தூரம், இரண்டு கிலோ எடை என்றால் அதுதான் எளிது. பதினோரு கிலோமீட்டருக்கு, அதுவும் சென்னை வெயிலில், முடியாது. ஆனால் பேனியர் வாங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கேரியரை மட்டும் முதலில் போட்டு, இருக்கிற முதுகுப் பையையே அதன்மேல் படுக்கவைத்து டியூபால் இரண்டு கட்டு கட்டிக்கொண்டு ஒரு மாதம் போய்வாருங்கள். பையின் தோள்வார்களை உள்ளே மடக்கிச் செருகிவிடுங்கள், தொங்கவிட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு மாதத்தில் எது தினமும் வருகிறது, எது சும்மா ஊர் சுற்றுகிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு அப்படித் தெரிந்தபின் வாங்கிய பை, முதலில் மனதில் வைத்திருந்த அளவில் பாதிதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பாட்டில் கூண்டின் போல்ட்டை எடுத்துப் பின்பக்கத் துளைகளில் போட்டுப் பாருங்கள். நாலு துளையிலும் இறங்கினால் திங்கட்கிழமை நேராகக் கேரியர் வாங்கப் போகலாம். பார்த்து முடித்ததும் போல்ட்டைத் திரும்பக் கூண்டில் போட மறந்துவிடாதீர்கள்.